கழுத்து நிற்காத பொம்மை

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பாவுக்காக நீ தைத்த துணிப் பொம்மையின் போட்டோவைப் பார்த்தேன். கை, கால் எல்லாம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. தலைதான் தூங்கி விழுகிறது. பஞ்சு போதவில்லை என்று தலைக்குள்ளேயே இன்னும் திணிக்காதே. தலை கனக்கக் கனக்க இன்னும் சாயும். கோளாறு கழுத்தில் இருக்கிறது.

முதுகுத் தையலை மட்டும் பிரி. மார்பில் இருக்கும் பஞ்சை வெளியே எடுத்துவிட்டு, கழுத்தை இரண்டு விரலால் அழுத்திப் பார். விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கிற மாதிரி இருந்தால் அங்கே பஞ்சே இல்லை என்று அர்த்தம். தலையை நிரப்பிய கையோடு உடம்புக்குப் போய்விட்டால் இப்படித்தான் நடுவில் ஒரு இடைவெளி விழும். மிச்சத் துணியில் 3 அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, பாய் சுருட்டுவது போல இறுக்கமாகச் சுருட்டு. கழுத்துக்குள் பிடிப்பாக நுழையும் பருமன் வந்ததும் ஓரத்தைத் தைத்துவிடு. அந்தச் சுருளில் பாதி தலைக்குள்ளும் பாதி மார்புக்குள்ளும் இருக்கும்படி நுழைத்து, சுற்றிலும் சின்னச் சின்னப் பஞ்சாக அடை. குச்சி வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பாப்பா கட்டிப்பிடித்துப் படுக்கிற பொம்மை அது. குச்சி ஒருநாள் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

அடுத்த பொம்மைக்குக் காகிதத்தில் வரையும்போதே கழுத்தை அகலமாகப் போடு. தலை 4 அங்குலம் என்றால் கழுத்து 2 அங்குலமாவது வேண்டும். காகிதத்தில் அது பருத்த கழுத்தாகத் தெரியும், பயப்படாதே. தட்டையாக இருக்கிற 2 அங்குலம், பஞ்சு போய் உருண்டதும் ஒன்றேகால் அங்குலமாகத்தான் நிற்கும். கை கால்களுக்கும் இதே கணக்குதான். எல்லாம் ஒல்லியாகிவிடும்.

கழுத்தோரம் சுருக்கம் விழுந்திருக்கிறதே, அது நாட்ச், அதாவது தையலுக்கு வெளியே இருக்கும் ஓரத்துணியில் போடுகிற சின்ன வெட்டு, போடாததால். கழுத்து, அக்குள், கால் இடுக்கு மாதிரி உள்ளே வளைகிற இடத்தில் நேராக ஒரு வெட்டு போதும். தலை மாதிரி வெளியே வளைகிற இடத்தில் முக்கோணமாக நறுக்கி எடுக்க வேண்டும். தையலுக்கு 2 மில்லிமீட்டர் முன்னாலேயே கத்தரி நின்றுவிடட்டும். அதையும் தாண்டினால் பஞ்சு அடைக்கும்போது அங்கேதான் பிளக்கும். அதனால் கழுத்திலும் கால் இடுக்கிலும் தையல் மேல் இன்னொரு தையல் ஓட்டிவிட்டு, அப்புறம் கத்தரியை எடு. மிஷினில் தையல் நீளத்தை 2-க்குக் கீழே வை. சட்டைக்குப் போடுகிற நீளத்தில் தைத்தால் தையல் இழுபட்டு, இடைவெளியில் பஞ்சு எட்டிப் பார்க்கும்.

பழைய சட்டைத் துணி தாராளமாக ஆகும். ஏற்கெனவே துவைத்துத் துவைத்துச் சுருங்கியது என்பதால் புதுத் துணியை விட நல்லது என்றே சொல்வேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த இடத்தைத் தள்ளிவிட்டு வெட்டு. பனியன் துணி மட்டும் இப்போதைக்கு வேண்டாம், அடைக்க அடைக்க இழுத்துக்கொண்டே போகும். சிவப்பு, கருநீலத் துணிகளை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துக்கொள். சாயம் போனால், பாப்பா வாயில் வைத்த அன்றே முகமெல்லாம் ஊதா ஆகிவிடும்.

பஞ்சு அடைப்பதுதான் பாதி வேலை. 14 அங்குல பொம்மைக்கு 150 கிராம் வரை உள்ளே போகும். பெரிய உருண்டையாகத் திணித்தால் கட்டி கட்டியாகத் தெரியும். நெல்லிக்காய் அளவு பிய்த்து, விரலால் உதறிப் பிரித்து, கை நுனியிலிருந்து ஆரம்பி. பென்சிலின் மழுங்கிய பக்கத்தால் தள்ளு. கூர்ப்பக்கம் தையலைக் குத்திவிடும். தோளுக்கு 1 அங்குலம் முன்னாலேயே நிறுத்திக் குறுக்கே ஒரு தையல் போட்டால் கை தொங்கி ஆடும். முழுக்க அடைத்தால் விறைத்துக்கொண்டு நிற்கும், சட்டையும் மாட்ட முடியாது. பஞ்சைப் பிய்த்துக் கொடுக்கிற வேலையைப் பாப்பாவிடமே கொடு. வீடெல்லாம் பறக்கும்தான், பரவாயில்லை.

கண்ணுக்குப் பட்டன் வேண்டவே வேண்டாம். அவளுக்கு மூன்று வயது ஆகவில்லை, பிடுங்கினால் நேரே வாய்க்குத்தான் போகும். எம்ப்ராய்டரி நூலில் 3 இழை எடுத்துத் தைத்துவிடு. தைக்கும் முன் இரண்டு குண்டூசியைக் கண் இடத்தில் குத்தி, கை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார். கண்ணை நெற்றிப் பக்கம் ஏற்றிவிடத்தான் எல்லாருக்கும் கை போகும், பெரியவர் முகம் வந்துவிடும். தலையின் பாதி உயரத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்கினால் குழந்தை முகம். இரண்டு கண்ணுக்கும் நடுவில் இன்னொரு கண் வைக்கிற இடம் விடு. நூல் முடிச்சைத் தலையின் பின்பக்கம் போட்டால் கம்பளி முடி மறைத்துக்கொள்ளும். வாய் சின்னதாக, 2 இழையில் போதும். சிரிப்பு பெரிதானால் பொம்மை அழும்போது சரிவராது. அது அழும் என்று அவளே சொல்வாள், பாரேன்.

துவைக்க வேண்டி வந்தால் கையால் அலசி, துண்டில் சுற்றி அழுத்திப் பிழிந்து, நல்ல காற்றில் போடு. மேல்துணி காய்ந்துவிட்டதே என்று எடுத்துக் கொடுத்துவிடாதே. உள்பஞ்சு ஈரமாக இருந்தால் இரண்டு நாளில் நாற்றம் வரும். கழுத்துச் சுருள்தான் கடைசியாகக் காயும், அங்கே அழுத்திப் பார்.

முதுகை மூடும்போது இரட்டை நூலில், இந்தப் பக்கம் ஒரு குத்து அந்தப் பக்கம் ஒரு குத்து என்று ஏணி மாதிரி போய், நாலைந்து குத்துக்கு ஒருமுறை இழு. அதற்கு முன் குண்டூசிகளை எண்ணிவிடு. எத்தனை எடுத்தாயோ அத்தனையும் டப்பாவுக்கு வந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பொம்மையை அவள் கையில் கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா