வியாழன் வேதபாடம்: ஒரு சின்ன மாற்றம்

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

இந்த வாரமும் லிங்கராஜபுரம் அக்கா வீட்டில்தான், மாலை 7.30க்கு. வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 17, 18 அதிகாரங்களை வாசித்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் முக்கால் மணி நேரம் நானே பேசிவிட்டேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அப்போஸ்தலனாகிய பவுல் சொன்னதைக்கூட பெரோயா ஊரார் தினமும் வேதத்தைத் திறந்து சரிபார்த்தார்கள். அவர்களை வசனம் கடிந்துகொள்ளவில்லை, நற்குணசாலிகள் என்கிறது. அடுத்த அதிகாரத்தில் அப்பொல்லோ வருகிறார், பேச்சில் வல்லவர். அவர் ஜெப ஆலயத்தில் பேசுவதைக் கூடாரம் தைக்கும் தம்பதி ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கேட்கிறார்கள். அங்கேயே மடக்காமல், தங்களோடு சேர்த்துக்கொண்டு, விட்டுப்போனதை விளக்குகிறார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் ஒரு பெண்ணும் இருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

அதனால் இனி என் பேச்சு 15 நிமிடம்தான். அப்புறம் ஆளுக்கு ஒரு பகுதி வாசித்துக் கேள்வி கேட்போம். அக்காமார்களும் வாலிபப் பிள்ளைகளும் கட்டாயம் பேச வேண்டும். நான் சொன்னது தவறென்று பட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து வருகிறவர்கள் டிராஃபிக்கில் மாட்டித் தாமதமானாலும் வந்துவிடுங்கள். ஆதிச் சபையார் வீடுதோறும் அப்பம் பிட்டு ஒன்றாகச் சாப்பிட்டவர்கள், நாமும் சாப்பிட்டே கிளம்புவோம். இட்லியும் சாம்பாரும் அக்கா பார்த்துக்கொள்கிறார். சட்னி யார் கொண்டுவருகிறீர்கள்?