பித்தப்பை போனதா, இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பித்தப்பைக் கல் பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையில், பையை அகற்றும் அறுவைச் சிகிச்சையின் பெயர் 'சோலிசிஸ்டாட்டமி' என்று அச்சாகியிருந்தது. அதில் இரண்டு பிழைகள். 'சோ' சின்னப் பிழை. கிரேக்கத்தில் பித்தத்தைக் குறிக்கும் 'கோலே'யிலிருந்து வந்த சொல் அது. கொலஸ்ட்ராலின் முன்பாதியும் அதுவே. அதை யாரும் சொலஸ்ட்ரால் என்பதில்லை. அறுவை அரங்கிலும், சிறு துளை வழியே கருவி விட்டுப் பையை அகற்றும் லேப்ராஸ்கோப்பி முறையைச் சுருக்கி 'லேப் கோலி' என்றுதான் பேச்சு. (உள்ளே கிடக்கும் கல்லை நினைத்தால் கோலி பொருத்தம்தான்.)

பெரிய பிழை நடுவில். சரியான பெயர் கோ-லி-சிஸ்-டெக்-ட-மி: ஆறு அசை. யாப்பு அசை அல்ல, ஒலிப்பு அசை. அழுத்தம் நான்காவதில். அந்த 'டெக்' இருக்கும் இடத்தில் 'டாட்' வந்தால் பையைக் கீறித் திறப்பது. 'டாஸ்' வந்தால் பையில் துளையிட்டுக் குழாய் வைத்துப் பித்தத்தை வெளியே வடிப்பது. மற்ற ஐந்து அசையும் மூன்றுக்கும் பொது. 1867-இல் அமெரிக்காவில் ஜான் பாப்ஸ் செய்தது 'டாட்': பையைத் திறந்து, கல்லை எடுத்துவிட்டுத் தைத்தார். 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் பையையே எடுத்தாரே, அதுதான் 'டெக்'. பை உள்ளே இருந்தால் கல் மறுபடி சேரலாம்.

நாம் முதல் அசையை ஊன்றிவிட்டு நடுவை விழுங்குகிறோம். 'கோலிஸ்டமி' என்றுதான் வாயில் வருகிறது. மூன்றில் எது என்று கேட்பவருக்குத் தெரியாது. வாலிலிருந்து பழகினால் நாக்கு திரும்பும்: டமி, டெக்டமி, சிஸ்டெக்டமி, கோலிசிஸ்டெக்டமி.

பொருள் வேறு இடத்தில் பிரியும்: கோலி + சிஸ்ட் + எக் + டமி. பித்தம், பை, வெளியே, வெட்டு. 'ட்'டின் மேல் 'எ' ஏறி 'டெ' ஆகிறது, நம் புணர்ச்சியில் உடல்மேல் உயிர் ஏறுவதைப் போல. அதனால் பத்தி ஓரத்தில் சொல்லை உடைக்க நேர்ந்தால் பொருளைப் பார்க்காமல் அசையைப் பாருங்கள்: 'கோலிசிஸ்' என்று நிறுத்தி 'டெக்டமி'யைக் கீழே இறக்கலாம். தங்கள் கட்டுரையில் ஒரு வரி 'ஸ்டா' என்று புள்ளி எழுத்தில் தொடங்குகிறது. தமிழ்க் கண்ணுக்கு அது உறுத்தல்.

இத்தனை பாடும் வேண்டாமென்றால், எங்கும் 'பித்தப்பை நீக்கம்' என்றே எழுதிவிடலாம். டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்காக ஆங்கிலப் பெயரை ஒரே ஒரு முறை, சரியாகத் தந்தால் போதும்.

— செவிலியர் பயிற்றுநர், திருச்சி