நிதிப் பகுப்பாய்வுக் குறுகிய காலப் பயிற்சி குறித்த புகார்

அனுப்புநர்:
நிதிப் பகுப்பாய்வுச் சான்றிதழ் வகுப்பு மாணவர்கள்

பெறுநர்:
மேலாளர், மாணவர் சேர்க்கைப் பிரிவு

பொருள்: சேர்க்கையின்போது தந்த தவறான தகவல், காலாவதியான பாடம், கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருதல்

ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனத்தின் 60 மணி நேர நிதிப் பகுப்பாய்வுச் சான்றிதழ் வகுப்பு பற்றி எழுதுகிறோம். எக்செல் சொல்லித்தந்த ஆசிரியர் மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. சேர்க்கைப் பிரிவு சொல்லி விற்றதும், கையில் கொடுத்த பாடமும்தான் புகாருக்குக் காரணம்.

கையேட்டின் முதல் பக்கத்திலேயே 'பட்டப்படிப்புக்கு மாற்று, சி.எஃப்.ஏ. முதல் நிலைக்கு நிகர்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. சி.எஃப்.ஏ. என்பது முதலீட்டுப் பகுப்பாய்வாளருக்கான மூன்று நிலைச் சர்வதேசத் தகுதி. அதன் முதல் நிலை, சி.எஃப்.ஏ. இன்ஸ்டிடியூட் மட்டுமே நடத்தும் தேர்வு. தலா 2 மணி 15 நிமிடம் கொண்ட இரு அமர்வுகளில் 180 கேள்விகள். ஒரு நிலைக்குச் சுமார் 300 மணி நேரம் படிக்க வேண்டியிருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. உங்கள் வகுப்பு அதில் ஐந்தில் ஒரு பங்கு. அதிலும் தேர்வில் 15 முதல் 20 சதவீதம் இடம் பிடிக்கும் தொழில் ஒழுக்கநெறிப் பாடத்துக்கு உங்கள் அட்டவணையில் ஒரு மணி நேரம்கூட இல்லை. எந்தக் கணக்கில் இது நிகர்?

பட்டத்துக்கு மாற்று என்பது இதைவிட அதிகக் கெடுதல் செய்யும். முதல் நிலைத் தேர்வுக்குப் பதிவு செய்ய இளநிலைப் பட்டம் வேண்டும், அல்லது பட்டம் முடிய 23 மாதங்களுக்குள் இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் வேலை அனுபவமும் உயர்கல்வியும் சேர்ந்து 4,000 மணி நேரம், குறைந்தது 36 மாதங்களில் சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் சான்றிதழ் இந்த மூன்றில் எதையும் நிரப்பாது. இதை நம்பிக் கல்லூரியை ஒத்திப்போடும் ஒருவருக்கு அந்தக் கதவு அத்தனை காலம் மூடியே இருக்கும். எஃப்.ஆர்.எம். (நிதி இடர் மேலாண்மைத் தகுதி) விஷயத்தில் உங்கள் ஆலோசகர் இதற்கு நேர் எதிராகத் தவறினார்: பட்டம் இல்லாமல் எழுதவே முடியாது என்றார். அந்தத் தேர்வுக்குப் பதிவு செய்யக் கல்வித் தகுதி எதுவும் கேட்பதில்லை. இரண்டு பகுதிகளையும் தேறியபின் 2 ஆண்டு வேலை அனுபவம் காட்டினால்தான் சான்று கிடைக்கும், அவ்வளவே.

சுயவிவரக் குறிப்பு எழுதப் பழக்கிய வகுப்பில் இன்னொரு கூத்து. பெயருக்குப் பின்னால் 'சி.எஃப்.ஏ. நிலை 1' என்று போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். முதல் நிலையை உண்மையிலேயே தேறியவரும் அப்படிப் போடக் கூடாது. தேர்வில் தேறியதை ஒரு வரியாகக் குறிப்பிடலாம். மூன்று நிலையும் தேறி, 4,000 மணி நேர அனுபவமும் காட்டி, சார்ட்டர் (முழுத் தகுதிப் பட்டயம்) பெற்றவருக்கு மட்டுமே அந்த எழுத்துகள். விஷயம் தெரிந்த நிறுவனத்தில் இந்த ஒரு வரியே விண்ணப்பத்தைக் குப்பைக்கு அனுப்பிவிடும்.

இனி பாடம். குத்தகைப் பகுதி முழுவதும் ஐ.ஏ.எஸ். 17 என்ற பழைய சர்வதேசக் கணக்கியல் தரத்தின் முறையில் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் அதன் இடத்தில் ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 என்ற புதிய தரம் இருக்கிறது. புதிய முறையில் குத்தகைக் கடன் பேலன்ஸ் ஷீட்டுக்குள் வந்துவிடும். வாடகைச் செலவு தேய்மானமாகவும் வட்டியாகவும் பிரியும். அதனால் எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம்) உயர்ந்து தெரியும். நிறுவன மதிப்பை (பங்கு மதிப்பும் நிகரக் கடனும் சேர்ந்தது) எபிட்டாவால் வகுத்து நிறுவனங்களை ஒப்பிடும் உங்கள் பயிற்சியில் புதிய முறை எபிட்டாவை எடுத்துவிட்டு, நிறுவன மதிப்பில் குத்தகைக் கடனைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். விளைவு, கடைகளை வாடகைக்கு எடுத்து நடத்தும் நிறுவனமெல்லாம் மலிவாகத் தெரிகிறது. கடன் அட்டவணையோ இன்னும் மூன்று மாத டாலர் லைபாரில் (லண்டன் வங்கிகளுக்கிடையேயான கடன் வட்டி விகிதம்) ஓடுகிறது. வங்கிகள் தரும் விகிதங்களைக் கொண்டு அதை வெளியிடுவது 2023 ஜூன் 30-உடன் நின்றுபோனது. அதன் இடத்தில் வந்த சோஃபர் ஓர் இரவுக் கடன் வட்டி. அதை நாள்தோறும் கூட்டிக் கணக்கிடும் கடனில் வட்டித்தொகை தவணையின் முடிவில்தான் தெரியும். லைபாரில் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். பெயரை மட்டும் மாற்றி ஒட்டினால் அட்டவணை சரியாகாது.

லாப நட்டக் கணக்கு, பேலன்ஸ் ஷீட், பணப்பாய்வு ஆகியவற்றை இணைக்கும் மூன்று அறிக்கை மாதிரியில் உள்ள பிழை இவை எல்லாவற்றையும் விட மோசம். பேலன்ஸ் ஷீட் ஒத்துப்போகாதபோது வித்தியாசத்தை விழுங்க 'இதர சொத்துகள்' என்று ஒரு வரி வைத்திருக்கிறீர்கள். சரிபார்ப்புக் கட்டத்தில் எப்போதும் பூஜ்யமே வரும், எத்தனை தவறு இருந்தாலும். ரொக்க இருப்பு பணப்பாய்வு அறிக்கையிலிருந்து வர வேண்டும். அப்போதுதான் ஒத்துப்போவதற்கு அர்த்தம் உண்டு. வட்டியைச் சராசரிக் கடன் மீது போட்டிருப்பதால் வட்டி, லாபம், ரொக்கம், கடன், மறுபடி வட்டி என்று கணக்கு வட்டமடிக்கிறது. அந்த வட்டத்தை அறுக்க ஒரு சுவிட்ச் கட்டம் இல்லை. பூஜ்யத்தால் வகுத்த பிழை ஒன்று உள்ளே புகுந்தால், மூலத்தைத் திருத்திய பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்கிறது.

மதிப்பீட்டுப் பயிற்சியில் தள்ளுபடி விகிதம் (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம்) 9 சதவீதம், நிரந்தர வளர்ச்சி 5 சதவீதம். கடைசி ஆண்டுப் பணவரவு 100 என்றால் அதற்குப் பிந்தைய எல்லா ஆண்டுகளுக்குமான இறுதி மதிப்பு 2,625 வரும். வளர்ச்சியை 3 சதவீதமாக்கினால் சுமார் 1,717. இந்த ஒரு எண்ணால் பாதிக்கு மேல் மதிப்பு ஊதுகிறது. ஒரு நிறுவனம் பொருளாதாரத்தைவிட வேகமாக என்றென்றைக்கும் வளராது என்ற எச்சரிக்கை பாடத்தில் எங்கும் இல்லை.

நாங்கள் கேட்பது இவை. கையேட்டிலிருந்து அந்த இரண்டு வாசகங்களையும் எடுத்துவிட்டு, திருத்தத்தை எல்லா மாணவர்களுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். பட்டம் இல்லாதவருக்கு முதலில் பட்டம். பட்டம் பெற்றுக் கணக்குத் துறையில் ஏற்கெனவே இருப்பவருக்கு எக்செல்லில் நிதி மாடலிங் கற்க இந்த வகுப்பு போதும். துறை மாற நினைப்பவருக்கு எம்.பி.ஏ.வின் பலன் பெரும்பாலும் இன்டர்ன்ஷிப்பிலும் வளாக நேர்காணலிலும் இருக்கிறது. இப்படி ஆள் பார்த்துச் சொல்ல ஆலோசகர்களைப் பழக்குங்கள். வேலைவாய்ப்பு விளம்பரத்தில் அதிகபட்சச் சம்பளத்தைப் போடுவதற்குப் பதிலாக, எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு என்ன பதவி கிடைத்தது, நடுமதிப்புச் சம்பளம் எவ்வளவு என்று வெளியிடுங்கள். காப்பீடு விற்கும் தொலைபேசி வேலையை 'நிதித்துறை வேலை' என்று எண்ணுவதையும் நிறுத்த வேண்டும்.

குத்தகை, கடன், மூன்று அறிக்கை மாதிரி ஆகிய மூன்று பாடங்களையும் திருத்திக் கட்டணமின்றி மறுபடி நடத்துங்கள். அது முடியாதென்றால் அவற்றுக்குரிய மணி நேர விகிதத்தில் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் இதே ஆவணங்களுடன் மனு கொடுப்போம்.

இப்படிக்கு,
வகுப்பு மாணவர்கள்

இணைப்பு: கையேட்டின் முதல் பக்கம், சுயவிவர வகுப்புக் குறிப்பு, பிழைகள் குறியிடப்பட்ட எக்செல் கோப்பு, கட்டண ரசீதுகள்