தீக்காலம் தொடங்குமுன் சாப்டூர் மலையடிவாரத் தீக்காவல் குழுவுக்குப் பயிற்சியும் பாதுகாப்பும் கேட்டு மனு

அனுப்புநர்:
தீக்காவல் குழுத் தலைவர் மற்றும் குழுவினர்,
சாப்டூர் மலையடிவாரக் கிராமங்கள்,
பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மதுரை.

பொருள்: காட்டுத்தீ அணைக்கச் செல்லும் கிராமத்துக் குழுவுக்குப் பயிற்சி, கருவி, காப்பீடு வழங்கவும், அடிவார ஊர்களைத் தை மாதத்துக்குள் தயார்ப்படுத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். சாப்டூர் காப்புக்காட்டில் புகை தெரிந்தால் முதலில் மலையேறுகிறவர்கள் நாங்கள். எங்களில் மானாவாரி விவசாயிகள் உண்டு, ஆடு மேய்ப்பவர்கள் உண்டு, பளியர் பழங்குடிக் குடியிருப்பு இளைஞர்களும் உண்டு. வனக்காப்பாளர் கூப்பிட்டால் போகிறோம். அவர் கூப்பிடும் முன்பே போன நாட்களும் இருக்கின்றன. காடு எங்களுடையது என்ற எண்ணத்தில் போகிறோம், இனியும் போவோம். ஆனால் இந்தப் பிள்ளைகளை அழைத்துப்போகும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பயிற்சியும் பாதுகாப்பும் இல்லாமல் இவர்களைத் தீக்கு முன் நிறுத்துவது இனிமேல் நடக்கக் கூடாது.

எங்கள் மலையின் தன்மையைச் சொன்னால்தான் இது ஏன் அவசரம் என்று தங்களுக்கு விளங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆளுயரத்துக்கு எழும் புல் தை கடைசியில் காய்ந்து நிற்கும். மாசியில் மரங்கள் இலை கொட்டும். இடையிடையே உண்ணிச்செடிப் புதர். மத்தியானத்தில் காற்று சரிவில் மேல்நோக்கி ஏறும். அதோடு சேர்ந்து ஏறும் தீயை ஓடி முந்த மனிதனால் முடியாது. பொழுது சாய்ந்தபின் காற்று கீழே இறங்கும், அப்போது ஊர்ப் பக்கம் கவலை. சதுரகிரிக்கு சிவராத்திரிக் கூட்டம் வருவதும் இதே மாசியில்தான்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் புல் சரிவில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் உயிரிழந்ததைத் தாங்கள் அறிவீர்கள். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் இறந்த மூவர் வெளியூர்க்காரர்கள் அல்லர், தீயணைக்கப் போன வனத்துறைக் காவலர்கள். காடு தெரிந்தவனையும் தீ விடுவதில்லை.

போன கோடையில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஓடைப் பள்ளத்துக்கு மேலே எங்கள் ஆட்கள், கீழே தீ. அதுவரை பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்த புகை திடீரென்று எங்கள் முகத்துக்கு நேராக ஏறி வந்தது. "எல்லாரும் கருகின இடத்துக்குள்ள வாங்க" என்று கத்தினேன். எரிந்து முடிந்த தரையில் மறுபடி எரிய ஒன்றும் இருக்காது, அந்த நேரத்தில் கிட்டத்தில் இருந்த பத்திரமான இடம் அதுதான். நான்கு பேர் வரவில்லை. அடிவாரத்தில் நின்ற ஓர் அலுவலர் செல்போனில் "விட்டுடாதீங்க, அடிங்க" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நின்றவர்களைக் கையைப் பிடித்து இழுத்துவந்தோம். ஒருவருடைய ரப்பர் செருப்பு இளகிப் பாறையில் ஒட்டிக்கொண்டது. சூடான சாம்பலில் வெறுங்காலோடு நடந்து வந்தார்.

அந்த அலுவலர் மீது புகார் சொல்ல இதை எழுதவில்லை. தீ எரியும் இடத்தில் யார் சொல் செல்லும் என்பதை எழுத்தில் உத்தரவாகத் தாருங்கள். குழுத் தலைவர் "பின்வாங்கு" என்று சொன்னால் அதை அடிவாரத்தில் இருப்பவர் எவரும் மாற்றக் கூடாது. எங்கள் முதல் கோரிக்கை இது. மற்றதெல்லாம் தாமதமானாலும் இது தாமதமாகக் கூடாது, இதற்குப் பணமும் தேவையில்லை.

அடுத்தது பயிற்சி. அமெரிக்காவில் காட்டுத்தீக் குழுத் தலைவராக இருந்த பால் கிளீசன் 1991-ல் நான்கு விதிகளை வகுத்தார். தீயைக் கவனிக்க உயரத்தில் ஒரு ஆள், அவரும் குழுவும் பேசிக்கொள்ள வழி, முன்பே பார்த்து வைத்த தப்பும் பாதை, தீ தொடாத பத்திரமான இடம். இந்த நான்கும் இருந்தால்தான் வேலையில் இறங்கலாம். எங்கள் மலையில் இரண்டாவது விதியே இடிக்கிறது, பாதி இடங்களில் செல்போன் டவர் கிடைக்காது. குழுவுக்கு வாக்கி டாக்கி அவசியம்.

கருவி என்று எங்களிடம் இருப்பது அரிவாளும் பச்சைக்குழையும். குழையை ஓங்கி அடித்தால் பொறி பறந்து முதுகுப் பக்கம் பற்றிக்கொள்ளும். அமுக்கி இழுக்க வேண்டும். இது தெரியாத ஒரு பையன் வரிசையில் இருந்தால் அணைத்த இடமெல்லாம் திரும்பவும் எரியும். கொஞ்ச நேரத்தில் இலை கருகிக் குழையும் வெறும் கம்பாகிவிடும். நீண்ட கைப்பிடியுள்ள தீ அடிப்பான், தோல் பூட்ஸ், பருத்தித் துணியில் முழுக்கை உடை, தலைக்கவசம், முதுகில் சுமக்கும் தண்ணீர்ப் பம்ப், தலையில் மாட்டும் விளக்கு ஆகியவற்றைத் தாருங்கள். பாலியஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டும், அதனால் துணி விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். தீயணைப்புக்குப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியலை ஊராட்சியும் வனத்துறையும் சேர்ந்து பதிவு செய்து, ஒவ்வொருவருக்கும் விபத்துக் காப்பீடு எடுத்து, தீ அணைத்த நாளுக்குரிய கூலியைத் தாமதமின்றித் தர வேண்டுகிறோம்.

இனி ஊர்களைப் பற்றி. தீ பெரும்பாலும் மனிதர் கையால்தான் தொடங்குகிறது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882 வனச் சட்டப்படி குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் காட்டை ஒட்டிய பட்டா நிலத்தில் மக்காச்சோளத் தட்டையையும் பருத்திமாரையும் எரிக்கும்போது காற்று மாறினால் என்ன செய்வது? எரிக்காதே என்று தண்டோரா போட்டால் மட்டும் விவசாயி கேட்கமாட்டார், அவருக்கு அடுத்த உழவு நிற்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை தட்டையைத் தூளாக்கும் இயந்திரத்தைத் தை மாதத்தில் எங்கள் பகுதிக்குக் குறைந்த வாடகையில் அனுப்பினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஊருக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள புறம்போக்கில் புல் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு எடுக்க ஊராட்சிக்கு உத்தரவிட வேண்டும். நவம்பர் 1 கிராம சபையில் இதைப் பொருளாக வைத்தால், நடக்க முடியாத முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார், வைக்கோல் படப்பை எங்கே மாற்றுவது, மாடுகளை எந்தப் பக்கம் ஓட்டுவது, கோயில் மைக்கில் அறிவிப்பது யார் என்பதையெல்லாம் ஊரே உட்கார்ந்து பேசி முடித்துவிடும்.

அப்புறம் ஒரு நிர்வாகச் சிக்கல். எங்கள் ஊர் மதுரை மாவட்டம். காடு 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் வருகிறது. மலைக்கு அந்தப்புறம் தேனி, தெற்கே விருதுநகர். தீக்கு இந்த எல்லை தெரியாது. தகவல் மட்டும் ஒவ்வொரு அலுவலகமாகச் சுற்றி வருகிறது. டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் கண்ட தீயைப் பதிவு செய்த எண்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. எங்கள் ஊராட்சிச் செயலர், குழுத் தலைவர் ஆகியோரின் எண்களையும் அதில் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். செயற்கைக்கோள் கடந்துபோனபின் பிடிக்கும் தீ அதில் உடனே தெரியாது. ஆகவே மாசி, பங்குனி இரண்டு மாதமும் பகலில் உயரமான பாறையில் கூலியோடு ஒரு காவல் ஆள் வேண்டும். பளியர் குடியிருப்பில் இதற்குத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களையே நியமிக்கலாம்.

மூன்று மாவட்ட வருவாய்த்துறை, வனத்துறை, தீயணைப்புத் துறை அலுவலர்களோடு எங்கள் குழுவையும் அழைத்து, மார்கழி முடிவதற்குள் சாப்டூரில் ஒரு கூட்டமும் மலையிலேயே ஒரு நாள் ஒத்திகையும் நடத்தித் தர வேண்டுகிறோம். தேதி சொல்லுங்கள், ஆட்களோடு வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தீக்காவல் குழுத் தலைவர் மற்றும் குழுவினர்,
சாப்டூர் மலையடிவாரக் கிராமங்கள்.

இணைப்பு: குழுவினர் பெயர்ப் பட்டியல், கையொப்பங்கள்.
நகல்: துணை இயக்குநர், புலிகள் காப்பகம், ஸ்ரீவில்லிபுத்தூர், வட்டாட்சியர், பேரையூர்.