தோற்காத அணியும் நான்காவது இடமும்

அட்லாண்டா,
ஜனவரி 2024

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், பருவ முடிவில் நடக்கும் ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் உன் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்ற பிறகு, நான்கு அணிகள் பட்டத்துக்கு மோதும் பிளேஆஃபில் அதைச் சேர்க்காமல் தேர்வுக் குழு விட்டது சரிதான் போலிருக்கிறது, இனி இதைப் பேச வேண்டாம் என்று எழுதியிருந்தாய். டல்லஹாசியில், அந்தப் பல்கலைக்கழகத்திலேயே படித்த நீயே இப்படிக் கைகழுவுவதை என்னால் ஏற்க முடியவில்லை. டிசம்பர் 30 அன்று களமிறங்கியது, 13 ஆட்டங்களையும் வென்ற அந்த அணி அல்ல. கியான் கோல்மன், ஜாரெட் வெர்ஸ் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஆடவில்லை. பிளேஆஃபில் இடம் கிடைத்திருந்தால் அவர்களில் பெரும்பாலோர் விலகியிருப்பார்கள் என்று நீ நினைக்கிறாயா?

ஆகவே டிசம்பர் 3 அன்று குழுவின் முன்னால் இருந்தவற்றை மட்டும் வைத்துப் பேசுவோம். மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா என்று நான்கு பெயர்கள் அறிவிக்கப்பட்டன. நான்கு அணிப் பிளேஆஃப் 2014-இல் தொடங்கியதிலிருந்து, பெரிய கான்ஃபரன்ஸ் (தமக்குள் மோதும் அணிகளின் கூட்டமைப்பு) ஒன்றின் தோல்வியே காணாத சாம்பியன் வெளியே நிறுத்தப்பட்டது அதுவே முதல் முறை. நவம்பர் 18 அன்று, பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் கால் முறிந்ததுதான் காரணம். முக்கிய வீரர் இல்லாமற்போவதைக் கணக்கில் கொள்ளலாம் என்று விதியிலேயே இருக்கிறது. குழு அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அவர் இல்லாமலேயே அந்த அணி கெயின்ஸ்வில்லுக்குச் சென்று, ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் என்ற வேறொரு அணியை 24-15 என வென்றது. அடுத்த வாரம், முதலாண்டு மாணவரான பிராக் கிளென் பந்தெறிய, லூயிவிலை 16-6 என வீழ்த்தியது. அந்த ஆட்டத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை என்பது வேறு விஷயம். கிளென் எறிந்து சேர்த்தது வெறும் 55 யார்டு. தடுப்பாட்டக்காரர்கள்தான் அதை வென்று கொடுத்தார்கள். பருவத்தின் தொடக்கத்திலேயே தன் கால் முறிந்திருக்கக் கூடாதா, இந்த அணி ஒரு குவார்ட்டர்பேக்கை மட்டும் நம்பியதல்ல என்று எல்லாருக்கும் தெரிந்திருக்குமே என்று டிராவிஸ் எழுதியதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. 2014-இல் ஓஹாயோ ஸ்டேட், முதல் இருவரும் இல்லாத நிலையில் மூன்றாவது குவார்ட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸை வைத்துக்கொண்டுதான் பட்டமே வென்றது. அவர்கள் விஸ்கான்சினை 59-0 என்று நொறுக்கிவிட்டு வந்தார்கள், அது 16-6 போன்றதல்ல என்று நீ சொல்வாய். சரி, அதை ஒப்புக்கொள்கிறேன்.

டெக்சாஸின் இடத்தைத்தான் உங்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று உன் தோழிகள் சொல்வது மட்டும் சரியில்லை. செப்டம்பரில் டெக்சாஸ் அலபாமாவின் சொந்த ஊரான டஸ்கலூசாவுக்கே சென்று அலபாமாவை 34-24 என்று வென்றது. இரண்டுக்கும் ஒவ்வொரு தோல்விதான் என்னும்போது, அலபாமாவை உள்ளே விட்டுவிட்டு டெக்சாஸை வெளியே நிறுத்த எந்த நியாயமும் கிடையாது. வாதிட வேண்டிய இடம் அலபாமாவினுடையது. அந்த அலபாமா, ஆபர்னில் கடைசி நிமிடத்தில், கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில், 31 யார்டு தொலைவிலிருந்து அதன் குவார்ட்டர்பேக் மில்ரோ எறிந்த பந்தை ஐசாயா பாண்ட் மூலையில் பிடித்திராவிட்டால் இந்தப் பேச்சிலேயே இருந்திருக்காது.

இங்கே, ஜார்ஜியா மாநிலத்தில், அக்கம்பக்கத்தில் உன் அணிக்காக யாரும் வருந்தவில்லை. எல்லாருக்கும் ஜார்ஜியாவைப் பற்றித்தான் கவலை. அதில்தான் குழுவின் குட்டு வெளிப்படுகிறது. இப்போதைய நிலையில் யார் வலிமையானவர் என்பதே அளவுகோல் என்றால், அதுவரை முதலிடத்தில் இருந்து, அலபாமாவிடம் 27-24 என மூன்றே புள்ளிகளில் தோற்ற ஜார்ஜியா ஆறாவது இடத்துக்குச் சரிந்திருக்கக் கூடாது. களத்தில் பெற்ற முடிவுகளே அளவுகோல் என்றால், ஃப்ளோரிடா ஸ்டேட் ஐந்தாவதாக இருந்திருக்கக் கூடாது. ஜார்ஜியாவுக்கு ஓர் அளவுகோல், உங்களுக்கு வேறோர் அளவுகோல் என்று அளந்தால்தான் அலபாமாவுக்கு நான்காவது இடம் வருகிறது.

பிளேஆஃப் அரையிறுதியான ரோஸ் பவுலில் அலபாமா மிச்சிகனைக் கூடுதல் நேரம் வரை இழுத்து 27-20 என்றுதான் தோற்றது, எனவே தகுதியான அணிதான் என்று உன் அப்பா வாதிடுகிறார். பின்னால் நடந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவுக்குச் சான்று கூறும் விஷயத்தில் நீங்கள் இருவரும் ஒரே கட்சி.

அடுத்த பருவத்திலிருந்து பிளேஆஃபில் 12 அணிகளாம். பன்னிரண்டாவதுக்கும் பதின்மூன்றாவதுக்கும் சண்டை வரத்தான் போகிறது; இரண்டு மூன்று முறை தோற்ற அணி வெளியே நின்றால் அதற்காக நான் இவ்வளவு நீளக் கடிதம் எழுத மாட்டேன்.

அன்புடன்,
அம்மா