படைப்பதிவில் பிழை: எந்தப் பத்திரத்தை முதலில் திருத்துவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மலேசிய இராணுவத்தின் முன்னாள் வீரர் ஒருவர் கண்மூடிய பிறகு, அவர் மனைவி ஓய்வூதியத்துக்கு மனுப் போடும்போதுதான் பல வீடுகளில் சேவைச் சான்றிதழை முதன்முறையாக எடுத்துப் படிக்கிறார்கள். அதில் தகப்பனார் பெயர் வேறு மாதிரி இருக்கும். பிறந்த தேதி மாறியிருக்கும். மனைவி பெயருக்கான இடம் வெறுமையாகக் கிடக்கும். அவர் இருந்தபோதே ஒரு கடிதத்தில் முடிந்திருக்கக்கூடிய காரியம் அதன்பின் குடும்பத்துக்குப் பெரும் அலைச்சலாகிவிடுகிறது. திருத்துவதற்கு வழி உண்டு. ஆனால் வரிசை தப்பினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும்.

முதலில் பிறப்புப் பத்திரம், மைகார்ட் எனப்படும் அடையாள அட்டை, சேவைச் சான்றிதழ், திருமணப் பத்திரம் நான்கையும் மேசைமேல் பரப்பிக்கொள்ளுங்கள். ஓய்வூதியம் வந்து விழும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஒரு தாளில் கட்டம் போட்டு, பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், ஐ.சி. (அடையாள அட்டை) எண் ஆகியவற்றை அந்தந்தப் பத்திரத்தில் உள்ளபடியே, பிழையைப் பிழையாகவே எழுதுங்கள். மனத்துக்குள் திருத்திக்கொண்டே படிப்பது நம் பழக்கம். ரோமன் எழுத்தில் சுப்ரமணியம் 'எம்'மில் முடிகிறதா 'என்'னில் முடிகிறதா, ஆறுமுகத்தில் 'யூ' ஒன்றா இரண்டா என்பது எழுத்தெழுத்தாகப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த வேறுபாடுகள் எப்படி வந்தன என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். தோட்டத்தில் பிறந்த குழந்தையின் பெயரைத் தோட்ட எழுத்தரான கிராணி ஒரு விதமாக எழுதிக் கொடுத்தார். பதிவு செய்த இடத்தில் வேறு விதமாக எழுதினார்கள். படையில் ஆளெடுக்கும்போது அங்கிருந்த எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். 'இன்னாரின் மகன்' என்பதற்கு ஆங்கில 'எஸ்/ஓ' போய் மலாய் 'ஏ/எல்' வந்தபோது, முன்னெழுத்தாக மட்டும் இருந்த தகப்பனார் பெயரை விரித்து எழுத நேர்ந்தது. ஜப்பானியர் காலத்துப் பத்திரங்கள் சிலவற்றில் ஆண்டு 2603 என்றிருக்கும். அது ஜப்பானிய ஆண்டுக் கணக்கு; நம் கணக்கில் 1943. அதைக் கண்டு மிரள வேண்டாம்.

இனி, கட்டத்தைப் பார்த்து ஒன்றை முடிவு செய்ய வேண்டும். பிறப்புப் பத்திரமும் மைகார்டும் ஒன்றுபோல் இருந்து, படைப்பதிவு (இராணுவத்தில் உள்ள சேவைக் கோப்பு) மட்டும் மாறியிருந்தால் காரியம் எளிது. படைப்பதிவை மட்டும் திருத்தினால் போதும். பிறப்புப் பத்திரமும் மைகார்டுமே ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போங்கள். பிறப்புப் பதிவில் உள்ள பிழையைத் திருத்த 1957ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இடம் தருகிறது. இதை விட்டுவிட்டு, மைகார்டைக் காட்டி முதலில் படைப்பதிவைத் திருத்தியவர்கள், பின்னர் பிறப்புப் பத்திரத்துக்கு ஏற்ப மைகார்ட் மாறியதும் மறுபடியும் தொடக்கத்துக்கே வந்து நிற்கிறார்கள்.

பிறந்த தேதியில் மட்டும் மிகவும் நிதானம் தேவை. 1948 மே 12இல் பிறந்தவரின் புதிய ஐ.சி. எண் 480512 என்று தொடங்கும். அடுத்த இரண்டு இலக்கம் பிறந்த மாநிலத்தைக் குறிக்கும். பினாங்குக்கு 07, பேராவுக்கு 08. ஆக, பதிவு இலாகாவில் பிறந்த தேதி மாறினால் ஐ.சி. எண்ணே மாறுகிறது. அதன்பின் வங்கி, இ.பி.எஃப். (தொழிலாளர் சேமநிதி), வீட்டு கிராண்ட் (உரிமைப் பத்திரம்), வாகனப் பதிவு, காப்புறுதி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தால், அந்த இடத்தில் நீங்கள் வேறு ஆள். நாளும் மாதமும் இடம் மாறியது போன்ற எழுத்துப் பிழை படைப்பதிவில் மட்டும் இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். ஆனால் எல்லாப் பத்திரமும் ஒரே தேதியைச் சொல்ல, "அம்மா சொன்ன தேதி வேறு" என்பது மட்டுமே ஆதாரம் என்றால், அதைக் கிளறாமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து. படையில் சேரும்போது தாமே சொல்லிக் கையெழுத்திட்ட தேதியை மாற்றுவதும், எழுத்தர் தவறாக எழுதியதைத் திருத்துவதும் ஒரே வகையான மனு அல்ல. முதல் வகை மனுவைச் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள். வயது கூடினாலோ குறைந்தாலோ பணிக்காலக் கணக்கையே தொடும் அல்லவா?

மனுவை ஜே.எச்.இ.வி. எனப்படும் ஆயுதப்படை முன்னாள் வீரர் விவகார இலாகாவுக்கு மலாய் மொழியில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். கோலாலம்பூருக்கு ஓட வேண்டியதில்லை. மாநிலக் கிளைகள் உள்ளன. கடிதத்தின் தலையில் சேவை எண், பதவி, படைப்பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பழைய ஐ.சி. எண், புதிய ஐ.சி. எண் ஆகியவை இருக்க வேண்டும். இதில் சேவை எண்தான் உயிர். பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருந்தாலும் அந்த எண்ணை வைத்துக் கோப்பை எடுத்துவிடலாம். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து பின்னர் அதிகாரியானவருக்கு இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் எழுதாவிட்டால் பாதிக் கோப்புதான் கைக்கு வரும். அதன் கீழே ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பத்தி: பதிவில் இப்போது இருப்பது இது, இருக்க வேண்டியது இது, ஆதாரம் இந்த இணைப்பு. பிழைக்கான காரணத்தை இரண்டு பக்கம் விளக்க வேண்டாம். உறுதிப்படுத்திய நகல்களையே இணையுங்கள். அசலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள். தபாலில் அனுப்பிய அசல் சான்றிதழ் காணாமல் போனால் அது தனிக் கதையாகிவிடும்.

ஒரு முக்கியமான குழப்பம் சத்தியப் பிரமாணத்தில் நேர்கிறது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சத்தியப் பிரமாண ஆணையர் முன் 'இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும்' என்று எழுதிக் கையெழுத்திடும் பத்திரம் ஓர் ஆதாரம், அவ்வளவுதான். அதை வாங்கியதால் எந்தப் பதிவும் திருந்திவிடாது. வங்கி ஏற்றுக்கொண்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டு, மனைவி காலத்தில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. எழுதும்போது இரண்டு பெயர்களையும் பத்திரங்களில் உள்ள எழுத்துகளிலேயே எழுத வேண்டும். ஆணையர் முன்னால் போய்த்தான் கையெழுத்திட வேண்டும். வீட்டிலேயே போட்டுக்கொண்டு போனால் செல்லாது. பொய் சொன்னால் தண்டனைச் சட்டம் பாயும். 'டீட் போல்' (deed poll) எனப்படும் பெயர் மாற்றப் பத்திரம் இன்னொரு வகை. அது இனிமேல் வழங்கப்போகும் பெயருக்கானது. பழைய பிழைக்கு மருந்தல்ல.

அடுத்தது மனைவி, பிள்ளைகள் பற்றிய பகுதி. அதிகம் அடிபடுவது இங்கேதான். பணியில் இருக்கும் வீரரின் திருமணமும் குழந்தைப் பிறப்பும் அவர் யூனிட் வெளியிடும் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற வீரர் விவர அறிவிப்பு வழியாகத்தான் அவர் கோப்பில் ஏறும். விடுமுறையில் வந்து கோயிலில் தாலி கட்டிவிட்டு, திரும்பிப்போய் யூனிட் அலுவலகமான ஆர்டர்லி ரூமில் சொல்லாதவர் பதிவில் இன்றுவரை மணமாகாதவர்தான். சட்டப்பூர்வப் பதிவும் பலரிடம் இல்லை. 1976ஆம் ஆண்டுத் திருமணச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் முறைப்படி நடந்த சமயச் சடங்குத் திருமணம் செல்லும். பதியப்பட்டதாகவே 4ஆம் பிரிவு கருதுகிறது. ஆனால் கவுண்டரில் கேட்பது தாள். அதற்கு 33ஆம் பிரிவின்படி அந்தத் தம்பதியர் இப்போதும் பதிவு இலாகாவில் பதிந்துகொள்ளலாம். கணவன், மனைவி இருவரும் இருக்கும்போதே செய்துவிடுங்கள். கோயில் ரசீது, கல்யாணப் படம், இருவர் பெயரும் உள்ள பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள் கைகொடுக்கும். வங்சா மாஜுவில் உள்ள துவாங்கு மிசான் ஆயுதப்படை மருத்துவமனையில் மனைவிக்குச் சிகிச்சை கேட்கும்போதும் இந்தப் பதிவுதான் பேசும்.

மதம் என்ற இடத்தையும் பாருங்கள். முஸ்லிம் அல்லாதவரின் மைகார்ட் முகப்பில் மதம் அச்சிடப்படுவதில்லை. ஆகவே உங்கள் மதம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பது கார்டைப் பார்த்துத் தெரியாது, பதிவு இலாகா கவுண்டரில் கேட்டுத்தான் அறிய வேண்டும். தவறு இருந்தால் அன்றே எழுத்தில் கொடுங்கள்.

இன்னொன்று: ஸ்பெஷல் கான்ஸ்டபிள், போலீஸ் காட்டுப் படை ஆகியவற்றில் இருந்தவர்களின் கோப்பு இராணுவத்தில் இருக்காது. அவர்கள் காவல் துறையைத்தான் அணுக வேண்டும்.

திருத்தம் முடிந்தது என்று வாய்மொழியாகச் சொன்னால் போதாது. திருத்திய விவரத்தோடு கடிதம் கேளுங்கள். மனு கொடுத்த அன்று உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பழைய பெயரில் உள்ள பதக்கச் சான்றிதழ்களைக் கிழித்துவிடாதீர்கள். பழைய பெயருக்கும் புதிய பதிவுக்கும் பாலமாக நிற்பவை அவைதாம்.

முன்னாள் வீரர் சங்கங்களின் பினாங்கு, கோலாலம்பூர் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்களை, குறிப்பாக எழுபது வயதைத் தாண்டியவர்களை, சேவைச் சான்றிதழும் மைகார்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். மலாயில் கடிதம் எழுதத் தெரிந்த இரண்டு இளைஞர்களை ஒரு மேசையில் உட்காரவையுங்கள். இராணுவ இலாகாவும் ஒவ்வொரு ஓய்வூதியருக்கும் தன்னிடம் உள்ள பெயர், தேதி, வாரிசு விவரங்களை ஒரு தாளில் அச்சிட்டு அனுப்பினால், பாதிப் பிழைகளை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் இராணுவப் பதிவுக் கிராணி,
பட்டர்வொர்த், பினாங்கு