மாம்பலம் மாடி முல்லைக்கு லண்டனிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் பொங்கலன்று கிடைத்தது. நான் நலம். குளிரை நினைத்துக் கவலைப்படாதே, நீ பின்னிய ஸ்வெட்டர் இருக்கும்போது ஹீட்டரே வேண்டியதில்லை. இப்போது ஓவர்டைம் கிடையாது. ஞாயிறு முழுக்க ஓய்வுதான்.

மாடி முல்லை இலையாகவே தழைக்கிறது, பூவைக் காணோம் என்று எழுதியிருந்தாய். போன மே மாதம் ஒரு போட்டோ அனுப்பினேனே, சுவர் முழுக்க சரக்கொன்றை மாதிரி கொத்துக் கொத்தாக, ஆனால் ஊதா நிறத்தில்? அதுதான் அடுத்த வீட்டுத் தாத்தாவின் விஸ்டீரியா. சீனாவிலிருந்து 1816இல் இங்கே வந்த கொடி. அவரைக் குடும்பம், ஆனால் காயும் விதையும் விஷம். ஜப்பான் வகை பிரதட்சணமாகச் சுற்றும், சீன வகை அப்பிரதட்சணமாக.

தாத்தா யாரோடும் பேச மாட்டார். தோட்டத்துக்கும் டை கட்டிக்கொண்டுதான் வருவார். ஏணி ஏற முடியவில்லை என்று போன ஞாயிறு என் கதவைத் தட்டினார். அந்த விஸ்டீரியாவுக்கு வருடத்தில் இரண்டு கவாத்து. பூத்து முடிந்தபின் ஜூலை, ஆகஸ்டில் நீண்டு ஓடும் பச்சைத் தண்டுகளை ஐந்தாறு இலை விட்டு வெட்ட வேண்டும். இலையெல்லாம் கொட்டிய ஜனவரி, பிப்ரவரியில் அதே தண்டுகளை இரண்டு மூன்று மொட்டு விட்டு இன்னும் குறுக்க வேண்டும். அந்தக் குட்டைக் கிளையில்தான் பூ வரும். உருண்டு பருத்திருப்பது பூமொட்டு, ஒல்லியாகத் தண்டோடு ஒட்டியிருப்பது இலைமொட்டு. என் விரல் மரத்துப்போயிருந்ததால் அவரே என் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். சுவரில் ஒன்றரை அடிக்கு ஒரு கம்பி இழுத்து, கிளைகளைப் படுக்கைவாட்டில் கட்டியிருக்கிறார். அப்படிக் கட்டினால்தான் நிறையப் பூக்கும். இஷ்டத்துக்கு விட்டால் கூரை ஓடுகளைக்கூடப் பெயர்த்துவிடும்.

முடிந்ததும் ஒரு கிண்ணம் சூப்பும் இருபது பவுண்டும் கொடுத்தார். பணம் வேண்டாம் என்றேன், அவர் விடவில்லை. வருகிற ஞாயிறும் போகிறேன்.

கன்று கேட்காதே அம்மா. இதற்குக் குளிர்காலம் வேண்டும், நம் சென்னைக்குச் சரிப்படாது. விதை போட்டால் பூக்க 15, 20 வருடம்கூட ஆகும். நீ முல்லைக்கு யூரியா போடுவதை நிறுத்து. தழைச்சத்து கூடினால் இலைதான் வரும், இரண்டு கொடிக்கும் அதே கணக்கு. முல்லைக் கவாத்துக்குத் தை மாதம்தான் சரி, தள்ளிப்போடாதே.

ராத்திரி எட்டு மணிக்கு மாடியில் அந்த வாசனை எழும்புமே. நீ பாயை விரித்துப் பூக் கட்டுவாய், மின்சார ரயில் போகிற சத்தம் கேட்கும். இங்கே மே மாதம் தெருவே மணக்கும். ஆனால் அது யாரோ வீட்டு வாசனை அம்மா. இதை எழுதும்போதே தொண்டை அடைக்கிறது.

சரி, அதை விடு. சித்தப்பா கேட்ட பவர் பத்திரத்தை இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புகிறேன். அங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், அவரிடம் சொல்லிவை. செங்கல்பட்டு நிலத்தில் அத்தை பங்கு ஒரு சென்ட்கூடக் குறையக் கூடாது. அதற்குச் சம்மதம் என்றால்தான் கையெழுத்துப் போடுவேன். பாப்பாவின் ஃபீஸில் பாதி இந்த மாதம், மீதி மார்ச்சில். காலேஜில் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டு எழுது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்றைக்கு? அன்று கூட யார் இருப்பார்கள்? மாமாவை வரச் சொல், நானும் அவருக்கு போன் பண்ணுகிறேன்.

உன் அன்பு மகன்